அடிக்காதவர் மீது ஒரு வழக்கு

"அடிச்சாராக்கா?"

வழக்கறிஞர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். என்னைப் போலவே இங்கே பிறந்து வளர்ந்தவர். கீழே சாலையில் யாரோ சரக்கு வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த சத்தம் மேலே வரை கேட்டது.

"இல்ல" என்றேன்.

"குடிச்சிட்டு வந்து சத்தம் போடுவாரா? பொருளத் தூக்கி எறிவாரா?"

"குடிக்க மாட்டார். எறிய மாட்டார்."

"வேற பொண்ணு யாராவது?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப என்னதான் பிரச்சினை? தப்பா நினைக்காதீங்க, நான் தெரிஞ்சுக்கணும்."

"பேச மாட்டார்."

"யார்கூட?"

"என்கூட மட்டும்."

சொன்னதும் எனக்கே அது மிகவும் சின்ன விஷயமாகத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் யாராவது டூ விட்டால் ஆசிரியையிடம் போய்ச் சொல்வோமே, அப்படி. வழக்கறிஞர் சிரிக்கவில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டார். இந்தத் தடவை ஒரு வருஷத்துக்கு மேல் என்றேன். "இந்தத் தடவையா?" என்று திரும்பக் கேட்டுவிட்டு மறுபடி பேனாவை எடுத்தார்.

எங்களுக்குத் திருமணமாகிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தெம்பனிஸ் அடுக்குமாடியில் அரசாங்கத்தின் வீவக வீடு ஒன்று. நான் சாங்கியில் விமானச் சரக்கு அலுவலகம் ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்த்தேன், இன்றும் பார்க்கிறேன். அவர் மின்தூக்கிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். வெளியே அவரைப் பிடிக்காதவர்கள் கிடையாது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களுக்கு முன்னால் நின்று பாடுவார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பந்தல் போட நிற்பார். என் உறவுக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தால் அவரைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்கள்.

முதல் தடவை அது நடந்தபோது கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பொங்கோலில் அவருடைய நண்பர் ஒருவர் புது வீடு குடிபோனார். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது இவர் ஏதோ ஒரு பயணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில், "அது போன வருஷம் இல்லங்க, அதுக்கு முந்தின வருஷம்" என்றேன். யாரோ, "இப்பவே டீச்சர் வந்துட்டாங்கடா" என்று கேலி செய்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். திரும்பி வரும்போது ரயிலில் நான் கேட்ட எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. களைப்பு என்று நினைத்தேன். மறுநாள் காலையிலும் சொல்லவில்லை. அந்த வருஷம் தீபாவளி வந்து போயிற்று. புதுச் சட்டை போட்டுக்கொண்டு என் அம்மா வீட்டில் அவர் எல்லாருடனும் பேசிக்கொண்டிருந்தார். நான் காப்பியை நீட்டியபோது வாங்கிக்கொண்டு, என் தலைக்கு மேல் சுவரைப் பார்த்தார்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, "டீ இருக்கா?" என்றார். அவ்வளவுதான். நடுவில் ஒன்றுமே நடக்காதது போல. அந்த ஒரு கேள்விக்கு நான் எப்படிச் சந்தோஷப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சமையலறைக்குள் போய் அழுதேன், முகத்தைக் கழுவிக்கொண்டு டீ போட்டுக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன் பேசவில்லை என்று கேட்கவில்லை. கேட்டால் திரும்பத் தொடங்கிவிடும் என்று பயம்.

பிறகு அது வருவதும் போவதுமாக இருந்தது. எதற்காக வரும் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒருமுறை நான் வேலையில் பதவி உயர்வு கிடைத்த செய்தியை அவரிடம் சொல்வதற்கு முன் என் தம்பியிடம் சொன்னேன் என்பதற்காக. ஒருமுறை எதற்காக என்றே தெரியவில்லை. வீட்டில் இருக்கும்போது தொலைக்காட்சியோடு பேசுவார், போனில் நண்பர்களோடு மணிக்கணக்கில் பேசுவார். நான் அறைக்குள் புத்தகம் படித்துக்கொண்டிருந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் போவார். கோபமாக அல்ல, ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அணைப்போமே, அப்படி.

என் அப்பா இறந்தபோதும் அவர் பேசாமல் இருந்த காலம்தான். மண்டாயில் மின்சுடலைக்கு வெளியே அவர்தான் எல்லாரையும் வரவேற்று நிறுத்தினார், பெரியவர்களுக்கு நாற்காலி தேடிக் கொடுத்தார், என் தம்பியைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "நான் இருக்கேன்டா" என்றார். என் பெரியம்மா என் கையைப் பிடித்து, "இந்த மாதிரி மாப்பிள்ளை கிடைக்கணுமே" என்றார். அன்றிரவு வீட்டுக்கு வந்தோம். அவர் குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நான் கூடத்தில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா போன துக்கத்தைவிட அந்த வீட்டின் அமைதி பெரிதாக இருந்தது என்பதை யாரிடம் சொல்வது?

வழக்கறிஞர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சட்டத்தை விளக்கினார். இப்போது இருவரும் ஒத்துக்கொண்டு விலகும் வழி இருக்கிறது, ஆனால் அதற்கு அவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் அனுப்பிய செய்திகளுக்கு அவர் பதிலே சொல்லவில்லை. அவர் சம்மதமில்லாமல் பிரிந்து வாழ்ந்து காட்டுவதென்றால் நான்கு வருஷம். மூன்றாவது வழி, அவருடைய நடத்தை எப்படிப்பட்டது, அவரோடு வாழ ஏன் முடியாது என்று நிறுவுவது.

"ஆனா ஒன்னுக்கா. 'பேசல'ன்னு மட்டும் எழுதினா வீக்கா இருக்கும். அவர் என்ன செய்யலன்னு இல்ல, என்ன செஞ்சாருன்னு சொல்லுங்க. உங்களுக்கு ஏதாவது ஆனப்ப?"

அப்போதுதான் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். முந்தைய வருஷம் சமையலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்தேன். கை உடைந்தது எனக்கே கேட்டது. கத்தினேன். கூடத்தில் காற்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். என்னைப் பார்த்தார். ஈரத்தில் கால் வைக்காமல் ஓரமாகச் சுற்றிப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். நான் ஒரு கையால் ஊர்ந்து வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டு மலாய் அம்மாவை, "மாக்சிக், மாக்சிக்" என்று கூப்பிட்டேன். அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாவுக்கட்டுப் போட்டு முடித்தபோது என் கணவர் வந்து நின்றார். டாக்டரிடம் அக்கறையோடு கேள்வி கேட்டார். மாக்சிக்குக்கு அடுத்த நாள் கேக் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வாடகைக் கார் ஓட்டுநரோடு போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

அப்போதும் நான் கிளம்பிவிடவில்லை. கிளம்ப வைத்தது என் மேலதிகாரி சொன்ன ஒரு வார்த்தை. அவர் சீனர், ஓய்வுபெறும் வயது, யாருடைய சொந்த விஷயத்திலும் தலையிட மாட்டார். ஒருநாள் உணவு இடைவேளையில் என்னிடம், மழை வரும் போலிருக்கிறது என்றார். நான், "தேங்க் யூ" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். யாராவது உன்னிடம் பேசினால் நீ ஏன் நன்றி சொல்கிறாய், முன்பெல்லாம் நீ அப்படி இல்லையே என்றார். கழிவறைக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றேன். அது உண்மை. கடையில் சில்லறை கொடுக்கும்போது, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பவரிடம்கூட நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை வீட்டைவிட்டு வெளியேறினேன். அவர் சோபாவில் இருந்தார். "நான் போறேன்" என்றேன். "தனியா இருக்கப் போறேன். விவாகரத்துக்கு வக்கீலப் பாக்கப் போறேன்." அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தபோது அது போவதற்கு வசதியாக இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். பெட்டி கடந்ததும் கீழே வைத்துக்கொண்டார்.

அம்மாவிடம் போகவில்லை. போனில் சொன்னபோதே அவர் பதில் தெரிந்துவிட்டது. "உங்க சித்தப்பா வாயத் தொறந்தா சாக்கடை. அதோட சித்தி குடும்பம் நடத்தல? உன் வீட்டுக்காரர் வாயே தொறக்கல, அது உனக்குக் குத்தமா? கோர்ட்ல போயி இதையா சொல்லுவ?" தம்பி அதன் பிறகு கூப்பிட்டான். "மச்சான் என்கிட்ட நல்லாத்தானேக்கா பேசுறாரு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனிடம் அவர் நன்றாகத்தான் பேசினார்.

தேக்கா சந்தைக்குப் பின்னால் பஃப்ளோ ரோட்டிலுள்ள அடுக்குமாடியில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரம்மா தமிழ் முஸ்லிம், கணவரை இழந்தவர். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே துணி வியாபாரம் செய்தது. அந்த மாடியில் எல்லாரும் அவரை, அக்கா என்ற பொருளில் 'லாத்தா' என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். போன முதல் வாரம் அவர் சமையலறையிலிருந்து, "மீன் சாப்பிடுவியா?" "விசிறி வேலை செய்யுதா?" என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். நான் தலையை ஆட்டுவேன். ஒருநாள் அவர் கரண்டியோடு வந்து என் எதிரில் நின்றார்.

"என்னம்மா, வாயில என்ன வச்சிருக்கே? நான் அடுப்பப் பாத்து நின்னு கேட்டா உன் தலை ஆடுறது எனக்கு எப்படித் தெரியும்?"

"சாப்பிடுவேன் லாத்தா" என்றேன். குரல் கரகரத்தது. அன்று காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் தினமும் மாலையில் தன் தங்கையோடு போனில் பேசுவார். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பேச்சு கேட்கும். வெங்காய விலை, யாரோ ஒரு மருமகளின் பிடிவாதம், முழங்கால் வலி. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பேன். எனக்கு அதில் ஒருவரையும் தெரியாது. ஆனாலும் பேச்சு முடிந்து அவர் போனை வைத்ததும், யாரோ என்னை விட்டுவிட்டுப் போனது போல இருக்கும்.

மனு தயாரானதும் வழக்கறிஞர் அதை எனக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார். எதிர்மனுதாரர் மனுதாரரை நீண்ட காலம் புறக்கணித்தார் என்று ஒரு வரி. என் பதினொரு வருஷத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்குள் போய்விட்டது. மணிக்கட்டு ஒரு பத்தி, அப்பாவின் சாவு ஒரு பத்தி. சரியா என்று கேட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்டது போலவும் இருந்தது.

என் கணவருடைய பதில் சில வாரங்களில் வந்தது. அவர் எதிர்த்து வழக்காடப் போவதாகச் சொன்னார். எல்லாவற்றையும் மறுத்ததோடு நிற்கவில்லை. பேசாமல் இருந்தது மனைவிதான் என்றார். வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், கேட்டால் பதில் சொல்ல மாட்டாள், தான் பொறுத்துக்கொண்டதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் தீபாவளி உடையில் சேர்ந்து நிற்கும் புகைப்படங்களும் இருந்தன. நான் ஒவ்வொன்றிலும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"இது உண்மையாக்கா?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"கடைசி ஒரு வருஷமா நானும் பேசறத விட்டுட்டேன்" என்றேன். "பதில் வராதுன்னு தெரிஞ்சா எத்தனை நாளைக்குக் கேட்டுக்கிட்டே இருக்க முடியும்?"

அவர் தலையசைத்தார். ஆனால் அன்று பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அடித்தால் தழும்பு இருக்கும். இரண்டு பேர் பேசாமல் இருந்த வீட்டில் யார் முதலில் நிறுத்தினார் என்பதற்கு என்ன அடையாளம் இருக்கும்? என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. அவருக்கும் அது தெரியும்.

வழக்கு விசாரணைக்குப் போவதற்கு முன் குடும்ப நீதிமன்றத்தில் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். நானும் வழக்கறிஞரும் முன்பே போய் வெளியே உட்கார்ந்திருந்தோம். அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பின்னால் அவருடைய வழக்கறிஞர். நேராக என்னிடம் வந்து நின்று, என் கண்ணைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. "ம், சாப்பிட்டேன். நீங்க?" என்று என் வாய் பதில் சொல்லிவிட்டது. நெஞ்சுக்குள் பழைய சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இதோ முடிந்துவிட்டது, பேசிவிட்டார், வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. உண்மையாகவே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். வழக்கறிஞர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, வாங்க, தண்ணி குடிச்சிட்டு வருவோம்" என்று என்னை அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

பேச்சை நடத்தியவர் சாந்தமான முகமுள்ள ஒரு சீனப் பெண்மணி. கணவர் அவரிடம் ஆங்கிலத்தில் அழகாகப் பேசினார். மனைவி மீது தனக்கு எந்தக் குறையும் இல்லை, அவள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம், பழையதை மறந்துவிடத் தயார் என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நீங்கள் அவரிடம் ஏதாவது நேரடியாகச் சொல்ல விரும்புகிறீர்களா, உங்கள் மொழியிலேயே சொல்லலாம் என்றார்.

நான் என் கணவர் பக்கம் திரும்பினேன்.

"அப்பா செத்தன்னைக்கு என்கிட்ட ஏன் பேசல? அத மட்டும் சொல்லுங்க."

அவர் அந்த அம்மாவைப் பார்த்து ஆங்கிலத்தில், "அவளுக்கே தெரியும்" என்றார்.

"எனக்குத் தெரியாது. என்னப் பாத்துச் சொல்லுங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். பார்வை என் தலைக்கு மேல் போயிற்று. எனக்கு அந்த முகம் தெரியும். கதவு சாத்திக்கொண்டாயிற்று. அந்த அம்மா, மனைவியின் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். காத்திருந்தார். மறுபடி கேட்டார். கணவருடைய வழக்கறிஞர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் அசையவில்லை. குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. நான்கு பேர் அந்த அறையில் உட்கார்ந்து அவர் பேசுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம். நேரம் போகப் போக அவருடைய வழக்கறிஞர் முகம் சிவந்தது, அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், என் வழக்கறிஞர் நாற்காலியில் நெளிந்தார். எனக்கு மட்டும்தான் அது பழக்கம்.

இடைவேளை விட்டார்கள். திரும்பி வந்தபோது அவருடைய வழக்கறிஞர்தான் பேசினார். தன் கட்சிக்காரர் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறார் என்றார். வீட்டை விற்பது பற்றிய பேச்சும் அன்றே முடிந்துவிட்டது. ஏன் மனம் மாறினார் என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் முன்னால் இன்னொரு தடவை அப்படி உட்கார அவர் விரும்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். போகும்போது என் வழக்கறிஞரிடம் நன்றி சொன்னார், கதவைப் பிடித்துக்கொண்டு எங்களை முதலில் போகவிட்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

தீர்ப்பு வந்த செய்தி கைப்பேசியில் வந்தது. நான் வேலையில் இருந்தேன். ஹாலந்திலிருந்து வந்திறங்கிய பூப்பெட்டிகளுக்கு ஒரு லாரி ஓட்டுநர் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். அவரை அனுப்பிவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேன். இது இடைக்காலத் தீர்ப்பு, இறுதியானது சில மாதங்களில் வரும், வாழ்த்துகள் அக்கா என்று வழக்கறிஞர் எழுதியிருந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மா பெயரைத் தேடி எடுத்தேன், அழைக்கவில்லை. அந்த மாதம்தான் ஒரு சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு, "நீ வர வேணாம், ஆள் ஆளுக்குக் கேப்பாங்க, ஷிஃப்ட்னு சொல்லிக்கிறேன்" என்று அம்மா சொல்லியிருந்தார். லாத்தாவிடம் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன். அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இறுதித் தீர்ப்பும் வந்த பிறகு, தீபாவளிக்கு முந்தைய வாரம் சிராங்கூன் சாலையில் ஒளியூட்டு விளக்குகளுக்குக் கீழே கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டிருந்தேன். எதிரில் அவர் தன் நண்பர்களோடு வந்தார். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்தது அவருக்கும் தெரிந்தது. கூட்டம் எங்களைத் தோளுக்குத் தோள் உரசுகிற மாதிரி பக்கத்தில் கொண்டுவந்தது. அவர் பேசாமல் போனார். விவாகரத்தான எந்த ஆணும் அப்படித்தான் போவார். அதில் ஒரு தவறும் சொல்ல முடியாது. ஆனாலும் என் கால் சில நொடிகள் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

அந்தத் தீபாவளிக்கு விடுப்பு எடுக்கவில்லை. பிள்ளைகள் இருக்கிற ஒரு பெண்ணுக்கு என் விடுப்பைக் கொடுத்தேன். சாங்கிக்குப் போகும் பேருந்தில் அன்று அதிகாலை ஆளே இல்லை. ஏறியதும் ஓட்டுநர், நல்ல உயரமான ஒரு மலாய்க்காரர், என் புதுச் சேலையைப் பார்த்து, இன்றைக்குமா வேலை என்று கேட்டார். ஆமாம் என்றேன். தனக்கும் ஹரிராயாப் பெருநாள் அன்று வேலைதான் என்றார். அவருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். மனைவி செய்யும் ரெண்டாங் இறைச்சிக் கறி எப்போதும் கருகிவிடும் என்று சொல்லத் தொடங்கினார். ஏன் கருகுகிறது என்று கேட்டேன். அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.